கால்நடையாய் முக்தி தேடிய பண்டிதை

சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயில் பாதையில், தௌண்ட் சந்திப்பைத் தாண்டிப் புனாவை நெருங்குவதற்கு முன்பாக, கேட்காவ் என்றொரு சிறிய ஸ்டேஷன் வருகிறது. விரைவு வண்டியில் போகிறவர்களுக்கு அந்தப் பெயர்ப் பலகை கண்ணில் படுவதற்குள் ஓடி மறைந்துவிடும். பிழைப்புக்காக மராட்டிய மண்ணுக்கு வந்து, பொங்கலுக்கும் ஊர்க் கொடைக்கும் திரும்பிப் போய் வரும் தமிழர்களில் அந்த ஊரைக் கடக்காதவர்கள் குறைவு. அங்கே நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு ஸ்தாபனம் நடந்து வருகிறது என்பதையும், அதன் பெயர் 'முக்தி' என்பதையும் அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

அதை நிறுவியவர் பண்டிதை ரமாபாய். சாஸ்திரங்களைக் கரைத்துக் குடித்த குடும்பத்தில் பிறந்தவர். முக்தியைத் தேடி இந்தியாவின் பாதியைக் காலால் அளந்தவர். பிறகு கிறிஸ்தவரானவர். கிறிஸ்தவரான பின்னும் எட்டு ஆண்டுகள் வரை தேடியது கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர்.

கடவுளை அடையும் வழி எது? அந்த வழியில் மனிதன் ஏறிச் செல்ல வேண்டுமா, அல்லது கடவுளே இறங்கி வருகிறாரா? ஈடேற்றம் என்பது உழைத்துச் சம்பாதிக்கும் கூலியா, கையேந்திப் பெறும் கொடையா? கிறிஸ்தவ மதம் இதற்குச் சொல்லும் பதிலை விளங்கிக்கொள்ள ரமாபாயின் வாழ்க்கையைப் போல் உதவும் வாழ்க்கை வேறொன்று இந்தியாவில் கிடைப்பது அரிது.

புண்ணியம் சேர்த்த குடும்பம்

ரமாபாய் பிறந்தது 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், கங்காமூலா என்ற இடத்தில். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே சித்பாவன பிராமணர். சம்ஸ்கிருதத்தில் மகா பண்டிதர். பெண்களுக்குச் சம்ஸ்கிருதம் கூடாது என்றிருந்த அந்தக் காலத்தில் தம் மனைவி லட்சுமிபாய்க்கு அவரே ஆசானாக இருந்து கற்பித்தார். ஆசாரவாதிகள் சீறினார்கள். பண்டிதர் சபை முன்பு நின்று, சாஸ்திரங்களையே ஆதாரம் காட்டித் தம் செயலை நியாயப்படுத்தினார் அந்த மனிதர். தாயிடம் கற்ற மகள் பன்னிரண்டு வயதுக்குள் புராண சுலோகங்களை ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்துவிட்டாள்.

குடும்பத்துக்கு வீடு வாசல் நிலைக்கவில்லை. விருந்தினருக்கும் யாத்ரீகர்களுக்கும் வாரி வழங்கியதில் சொத்து கரைந்தது. பிறகு ஊர் ஊராக நடந்து, கோயில் மண்டபங்களிலும் நதிக்கரைப் படித்துறைகளிலும் அமர்ந்து புராணம் வாசிப்பதே தொழிலாயிற்று. கேட்பவர்கள் தரும் அரிசியும் காசும்தான் ஜீவனம். அதிலும் ஒரு பகுதி தானத்துக்கும் பூஜைக்கும் போய்விடும். பாவம் கழிய வேண்டும், புண்ணியம் சேர வேண்டும், முக்தி கிட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தின் வரவு செலவெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

1870-களில் தென்னாட்டில் பஞ்சம் வந்தது. 'தாது வருஷப் பஞ்சம்' என்று நம் பாட்டிமார் சொல்லி வந்த கொடும் பஞ்சத்துக்குச் சற்று முந்திய ஆண்டுகள். சென்னை மாகாணத்தில் சுற்றிக்கொண்டிருந்த அந்தக் குடும்பம் கையிலிருந்ததையெல்லாம் விற்றுத் தின்றது. பிச்சை எடுக்க மானம் இடங்கொடுக்கவில்லை. சாஸ்திரம் தவிர வேறு கைத்தொழிலும் தெரியாது. விரதம் இருந்தார்கள், தீர்த்தமாடினார்கள், இலை தழைகளைத் தின்றார்கள். 1874-ல் தந்தை இறந்தார். சில வாரங்களில் தாயும் போனார். பின்பு தமக்கையும் இறந்தார்.

தாயின் பிணத்தைத் தூக்க நான்கு பேர் வேண்டும். மூவர்தான் கிடைத்தார்கள். நான்காவது ஆளாகத் தோள் கொடுத்தவள் மகள். உயரம் போதாததால் பாடையின் முனையைத் தலையில் தாங்கிக்கொண்டு சுடுகாடு வரை நடந்தாள் என்று அவருடைய வரலாற்றில் காண்கிறோம். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

கலகலத்த நம்பிக்கை

எஞ்சியவர்கள் அண்ணன் ஸ்ரீநிவாசனும் தங்கை ரமாவும்தான். இருவரும் நடந்தார்கள். தெற்கிலிருந்து வடக்கு, மேற்கிலிருந்து கிழக்கு என்று ஆயிரக்கணக்கான மைல்கள். போர்த்திக்கொள்ளத் துணி இல்லாத குளிர்காலத்தில், ஆற்று மணலில் குழி தோண்டி உடம்பை மூடிக்கொண்டு இரவைக் கழித்ததும் உண்டு. இவ்வளவு தவமும் தீர்த்தமும் செய்த பெற்றோருக்கு ஏன் இந்த முடிவு என்ற கேள்வி இருவர் மனத்தையும் அரித்தது.

1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். இருபது வயதுப் பெண் சம்ஸ்கிருதத்தில் பிரசங்கம் செய்வதைக் கேட்டு அந்நகர வித்வான்கள் அசந்து போனார்கள். பரீட்சித்துப் பார்த்து 'பண்டிதா', 'சரஸ்வதி' என்ற பட்டங்களை வழங்கினார்கள். பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சேன் வேத நூல் ஒன்றைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

தர்ம சாஸ்திரங்களை ஊன்றிப் படிக்கப் படிக்க, ரமாபாய்க்கு உற்சாகம் வரவில்லை, வேதனைதான் வந்தது. பல நூல்கள் பல விஷயங்களில் ஒன்றோடொன்று மாறுபட்டாலும், பெண்களும் தாழ்த்தப்பட்டவர்களும் ஆண்களைப் போல் மோட்சம் பெற முடியாது என்பதில் மட்டும் அவை ஒத்துப்போவதாக அவருக்குப் பட்டது. ஆண்டாளையும் காரைக்கால் அம்மையாரையும் கும்பிட்டு, திருநாளைப்போவாரை நாயன்மார் வரிசையில் வைத்த தமிழ் மக்களுக்கு இந்த முடிவு முழுவதும் சரியாகத் தோன்றாமல் இருக்கலாம். பக்தி நெறி எல்லோருக்கும் கதவைத் திறந்தே வைத்திருந்தது. ஆனால் ரமாபாய் படித்த நூல்களும், அவர் கண்ட சமூகமும், பால்ய விதவைகளின் மொட்டைத் தலைகளும் அவருக்குக் காட்டிய படம் வேறு.

1880-ல் அண்ணனும் காலமானார். அதே ஆண்டு, வேறு சாதியைச் சேர்ந்த வங்காளி வக்கீல் விபின் பிகாரி தாஸ் என்பவரை ரமாபாய் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். பத்தொன்பது மாதங்கள் நீடித்தது அந்த வாழ்வு. 1882-ல் காலரா கணவரைக் கொண்டுபோயிற்று. கையில் குழந்தை மனோரமா. விதவைக் கோலம் எப்படியிருக்கும் என்பதை இனிப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை.

வீட்டு அலமாரியில் இருந்த புத்தகம்

கணவரோடு அஸ்ஸாமிலுள்ள சில்சாரில் வாழ்ந்த நாட்களில், வீட்டுப் புத்தகங்களுக்கு நடுவே வங்காளி மொழியில் அச்சான ஒரு சிறு நூல் ரமாபாயின் கையில் அகப்பட்டது. அது லூக்கா எழுதிய சுவிசேஷம். அது அங்கே எப்படி வந்தது என்பது அவருக்கே தெரியாது. ஆர்வத்தோடு படித்தார்.

அவர் கையில் சிக்கியது லூக்காவாக இருந்தது கவனிக்கத்தக்கது. நான்கு சுவிசேஷங்களில், தவறிப்போனவர்களைத் தேடி வரும் கடவுளைப் பற்றி அதிகம் பேசுவது அதுதான். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு, பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்த இளைய மகனின் கதை அதில் இருக்கிறது. அவன் மன்னிப்புக் கேட்க மனப்பாடம் செய்து கொண்டு வந்த வார்த்தைகளை முடிப்பதற்குள் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். கோயிலில் நின்று தன் விரதங்களையும் தசமபாகத்தையும் கணக்குச் சொன்ன பக்திமானும், தொலைவில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட வரி வசூல்காரனும் அதில்தான் வருகிறார்கள். கடவுள் முன் நீதிமானாக வீடு திரும்பியவன் இரண்டாமவன். சிலுவையில் தொங்கிக்கொண்டே கடைசி மூச்சில் பரலோக வாக்குறுதி பெற்ற குற்றவாளியும் அந்த நூலில்தான் இருக்கிறான். அவனுக்கு ஒரு தீர்த்தமாட நேரமில்லை. ஒரு தானம் செய்யக் கையும் கட்டப்பட்டிருந்தது.

புண்ணியக் கணக்கிலேயே வளர்ந்த ஒரு பெண்ணுக்கு இந்தக் கதைகள் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஞானஸ்நானமும் அதற்குப் பிறகும்

1883-ல் மருத்துவம் படிக்கும் எண்ணத்துடன் ரமாபாய் இங்கிலாந்து சென்றார். காது மந்தம் காரணமாக அந்தப் படிப்பு கைகூடவில்லை. வாண்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியாஸ்திரீகள் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

அந்தச் சகோதரிகள் லண்டனில் ஓர் இல்லம் நடத்தினார்கள். ஊரார் 'கெட்டுப்போனவர்கள்' என்று ஒதுக்கிய பெண்களுக்கான புகலிடம் அது. அதைப் பார்த்த ரமாபாய் திகைத்தார். இப்படிப்பட்டவர்கள் மேல் இரக்கம் காட்டச் சொன்னது யார் என்று கேட்டார். ஒரு சகோதரி, கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணோடு பேசிய பகுதியை யோவான் சுவிசேஷத்திலிருந்து வாசித்துக் காட்டினார். ஐந்து கணவர்களோடு வாழ்ந்தவள், யூதர்கள் தண்ணீர் புழங்காத இனத்தைச் சேர்ந்தவள். அவளிடமே தண்ணீர் கேட்டு, அவளுக்கே மறை உபதேசமும் செய்தார் என்பது கதை. பெண்ணுக்கும் வழி உண்டு, ஒதுக்கப்பட்டவளுக்கும் வழி உண்டு என்ற செய்தி ரமாபாயின் நெஞ்சில் தைத்தது. 1883 செப்டம்பர் 29-ந் தேதி தாயும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

ஆனால் பண்டிதையின் அறிவு ஞானஸ்நானத் தொட்டியில் கரைந்துவிடவில்லை. திரித்துவம் முதலான கோட்பாடுகளைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். ஒரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தடியை இறக்கி வைத்த கழுத்தில் இன்னொன்றை ஏற்றத் தயாரில்லை என்ற பொருள்படத் தம் ஞானத்தாயான சகோதரி ஜெரால்டினுக்கே எழுதினார். சபைகள் பல, அவை சொல்லும் வழிகளும் பல என்று கண்டு குழம்பினார். மாமிசம் தொடவில்லை, இந்திய உடையை விடவில்லை.

அமெரிக்கா சென்று, இந்திய விதவைகளின் நிலையை விளக்கி 1887-ல் ஒரு நூலை வெளியிட்டார். அங்கே நண்பர்கள் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். 1889 மார்ச்சில் பம்பாயில் 'சாரதா சதன்' என்ற விதவைப் பெண்கள் பள்ளி திறக்கப்பட்டது. மறு ஆண்டு அது புனாவுக்கு மாறியது.

மதம் கிடைத்தது, நிம்மதி?

வெளியுலகம் பார்த்த ரமாபாய் வெற்றி பெற்றவர். ஆனால் உள்ளுக்குள் ஏதோ குறைந்தது. 1907-ல் எழுதிய தம் சாட்சி நூலில் அவரே இதை விளக்கியிருக்கிறார். கிறிஸ்தவ மதம் கிடைத்துவிட்டது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம்.

1891 வாக்கில், வில்லியம் ஹாஸ்லாம் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதிய நூலை அவர் படித்தார். பல ஆண்டுகள் ஊழியம் செய்தும் உள்ளத்தில் தெளிவில்லாமல் இருந்த அந்தப் பாதிரியார், 1851-ல் ஒருநாள் பிரசங்க மேடையில் தாமே பேசிக்கொண்டிருந்தபோது தம் பேச்சாலேயே மனமாற்றம் அடைந்தவர். ஊருக்கு வழி சொன்னவர் தாம் இன்னும் வாசலிலேயே நிற்பதை உணர்ந்தார்.

ரமாபாய்க்குச் சுருக்கென்று உறைத்தது. பழைய நாளில் தீர்த்தமும் விரதமும் செய்தது போலவே, புதிய நாளில் ஞானஸ்நானம், ஜெபம், சேவை என்று தாம் மறுபடியும் புண்ணியக் கணக்கே எழுதிக்கொண்டிருந்ததாக அவருக்கு விளங்கிற்று. பெயர் மாறியது, பேரேடு மாறவில்லை. தம்மால் தம்மைக் காப்பாற்ற இயலாது என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்பைக் கொடையாக ஏற்றுக்கொண்ட அன்றுதான் பாரம் இறங்கியது என்பது அவர் சாட்சி.

நாக்காவில் நின்ற கூலியாட்கள்

கிறிஸ்தவத்தின் நடுநாடியே இதுதான். புரோட்டஸ்டண்டுகள் 'இரட்சிப்பு' என்கிறார்கள். கத்தோலிக்கர்கள் 'மீட்பு' என்கிறார்கள். பாவம் என்பது மனிதனால் அடைக்க முடியாத கடன். அந்தக் கடனை இயேசு சிலுவையில் தம் உயிரைக் கொடுத்து அடைத்தார். மனிதன் செய்ய வேண்டியது மனந்திரும்பி, அதை நம்பிப் பெற்றுக்கொள்வது. இதைக் 'கிருபை' என்றும் 'அருள்' என்றும் அழைக்கிறார்கள்.

மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு சொன்ன ஒரு கதை உழைப்பாளிகளுக்குச் சட்டென்று விளங்கும். திராட்சைத் தோட்டக்காரன் ஒருவன் விடியற்காலையில் சந்தைக்குப் போய், நாளுக்கு ஒரு வெள்ளிக்காசு என்று கூலி பேசி ஆட்களை அழைத்து வந்தான். ஒன்பது மணிக்கும், உச்சி வேளையிலும், மூன்று மணிக்கும் போய் இன்னும் சிலரைக் கொண்டுவந்தான். மாலை ஐந்து மணிக்குப் போனபோதும் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்றான். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை என்றார்கள். காலையிலிருந்து நாக்காவில் நின்று, கட்டட மேஸ்திரி யாரும் கை காட்டாமல் பொழுது சாய்ந்துபோன அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தப் பதிலின் வலி தெரியும். அவர்களையும் அழைத்துப் போனான்.

பட்டுவாடா நேரம் வந்தது. ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் ஒரு வெள்ளிக்காசு. நாள் முழுதும் வெயிலில் வெந்தவனுக்கும் ஒரு வெள்ளிக்காசு. காலையில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பேசிய கூலியில் குறைக்கவில்லையே, என் பொருளை இவனுக்குத் தாராளமாகக் கொடுத்தால் உனக்கு ஏன் வயிறு எரிகிறது என்று கேட்டான் முதலாளி.

தொழிற்சங்கக் கணக்கில் இது அநியாயம். ஆனால் இயேசு பேசியது தொழிற்சங்க நியாயத்தை அல்ல. வீட்டில் பசியோடு காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரக் கூலி போதாது. தேவையை அறிந்து கொடுப்பவர் கடவுள் என்பதே கதையின் பொருள். பிறவிக் கிறிஸ்தவனுக்கும் நேற்று மனந்திரும்பியவனுக்கும் அங்கே சீனியாரிட்டி கிடையாது!

பூனைக்குட்டியும் குரங்குக்குட்டியும்

இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. வைணவத்தில் வடகலையார், தென்கலையார் நடுவே நடந்த வாதம் தெரிந்ததே. குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்கிறது. அதுபோல் ஜீவனும் தன் பங்குக்குப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஒரு கட்சி. பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாய்ப்பூனையே கவ்விக்கொண்டு போகிறது. அதுபோல் பகவான் பார்த்துக்கொள்வான், சரணாகதி போதும் என்பது மற்றொரு கட்சி.

கிறிஸ்தவ உலகிலும் ஏறக்குறைய இதே வழக்குத்தான் ஐரோப்பாவையே இரண்டாகப் பிளந்தது. பாவத் தண்டனையைக் குறைக்கும் சீட்டுகள் பணத்துக்குத் தரப்பட்ட காலத்தில், 1517-ல் மார்ட்டின் லூதர் என்ற ஜெர்மானியத் துறவி எதிர்த்து எழுந்தார். விசுவாசத்தினால் மட்டுமே மனிதன் நீதிமானாக ஏற்கப்படுகிறான் என்றார். கத்தோலிக்கத் திருச்சபையோ, அருள்தான் முதல், ஆனால் அந்த அருளோடு மனிதன் ஒத்துழைக்கவும் வேண்டும் என்றது. சண்டை நூற்றாண்டுகளாக நீடித்தது. கடைசியில் 1999 அக்டோபர் 31-ந் தேதி, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் சபைகளின் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. மனிதனின் தகுதியால் அல்ல, அருளாலேயே மீட்பு என்பதில் இரு தரப்பும் ஒன்றுபட்டன.

அப்படியானால் நற்செயல் வேண்டாமா?

நம்பினால் போதும் என்றால் திருடிவிட்டும் நம்பலாமே, என்று கேட்பவர்கள் உண்டு. பைபிளிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. கிருபையைப் பற்றி மிக அதிகம் எழுதிய பவுல், கிருபை பெருகட்டும் என்று பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்று தாமே கேட்டு, கூடவே கூடாது என்கிறார். யாக்கோபு இன்னும் கறாரானவர். உடுக்கத் துணியில்லாதவனிடம் குளிர் காய்ந்துகொள் என்று வாயால் சொல்லி அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று கேட்டு, கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று முடிக்கிறார். மாமரம் பழம் கொடுப்பதால் மாமரம் ஆவதில்லை. மாமரமாக இருப்பதால் பழம் கொடுக்கிறது. நற்செயல் மீட்புக்கு விலை அல்ல, மீட்பின் கனி என்பதே பெரும்பாலான சபைகளின் விளக்கம்.

ரமாபாயிடம் அந்தக் கனி ஏராளமாகவே காய்த்தது. 1896-97-ல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் தலைவிரித்தாடியது. பஞ்சத்தின் கோரத்தைத் தம் உடம்பிலேயே அனுபவித்த அவர் நேரில் புறப்பட்டுப் போனார். பசியால் எலும்பும் தோலுமாய், கயவர்கள் கையில் சிக்கும் அபாயத்தில் இருந்த பெண்களையும் சிறுமிகளையும் நூற்றுக்கணக்கில் அழைத்து வந்தார். கேட்காவில் வாங்கிப் போட்டிருந்த நிலம் அவர்களுக்கு வீடாயிற்று. அதுதான் 'முக்தி'. 1900-ல் குஜராத் பஞ்சத்துக்குப் பின் அங்கே ஏறக்குறைய 2,000 பேர் இருந்தார்கள்.

வெறும் கஞ்சித்தொட்டி அல்ல அது. நெசவு, எண்ணெய்ச் செக்கு, பால் பண்ணை, தோட்ட வேலை, அச்சுக்கூடம் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு கைத்தொழில். பார்வையற்றவர்களுக்குத் தடவிப் படிக்கும் எழுத்து. சாஸ்திரம் தெரிந்தும் கைத்தொழில் தெரியாததால் தம் குடும்பம் பட்டினியில் மாண்டதை ரமாபாய் மறக்கவேயில்லை.

கிளம்பிய எதிர்ப்பு

எல்லோரும் பாராட்டவில்லை. சாரதா சதனில் மத போதனை இல்லை என்ற ஏற்பாட்டின் பேரில்தான் ரானடே, பண்டார்கர் போன்ற பெரியோர் ஆலோசனைக் குழுவில் இருந்தார்கள். தம் அறைக் கதவைத் திறந்து வைத்து ரமாபாய் ஜெபிப்பதும், அதில் பெண்கள் சிலர் வந்து அமர்வதும் தெரிந்தபோது புனாவில் புயல் எழுந்தது. திலகரின் 'கேசரி' கடுமையாகத் தாக்கியது. 1893-ல் ஆலோசகர்கள் விலகினார்கள். பல பெற்றோர் பெண்களை அழைத்துப் போய்விட்டார்கள்.

தாம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் தம் ஜெபத்தை ஒளிக்கவும் முடியாது என்பது ரமாபாயின் கட்சி. விதவைகளின் வறுமை மதமாற்றத்துக்கு வழியாகக் கூடாது என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சோற்றுக்காக வந்த நம்பிக்கை நம்பிக்கையே அல்ல என்பதைக் கிறிஸ்தவப் போதனையும் ஒப்புக்கொள்ளும். கொடையாகக் கிடைப்பதை விலைபேசி விற்க முடியாது. சாரதா சதனின் ஆரம்ப மாணவிகளில் ஒருவரான கோதுபாய் இந்துவாகவே இருந்து, 1893-ல் பேராசிரியர் தோண்டோ கேசவ கார்வேயை மறுமணம் செய்துகொண்டார். பிற்காலத்தில் பாரத ரத்னா பட்டம் பெற்ற கார்வேயின் பெண் கல்விப் பணிக்கு அந்த அம்மையார் பெருந்துணையாக விளங்கினார்.

மற்றவர்கள் கதி என்ன?

இயேசுவே வழி என்றால் அவரை அறியாதவர்கள் கதி என்ன என்ற கேள்வி பிற மதத்தினரோடு ஒரே லைன் வீட்டில் வாழும் ஒவ்வொரு கிறிஸ்தவனுக்கும் எழுவது. இதில் சபைகள் ஒரே குரலில் பேசுவதில்லை. இயேசுவை வெளிப்படையாக ஏற்காமல் மீட்பு இல்லை என்று உறுதியாகச் சொல்பவை பல. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சிப்படி நடப்பவர்களும் மீட்பு பெறக்கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் அறிவித்தது. பிற மதங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று 1965-ல் அதே சங்கம் கூறியது. எந்தச் சபையாயினும், இன்னார் நரகம் போவார் என்று தீர்ப்பெழுதும் உரிமை மனிதனுக்கு இல்லை. தீர்ப்புக் கடவுளுடையது என்பதைப் பைபிளிலிருந்தே காட்டலாம்.

கடைசி வேலை

ரமாபாயின் கடைசி ஆண்டுகள் ஒரே வேலையில் கழிந்தன. படிப்பில்லாத கிராமத்துப் பெண்ணுக்கும் புரியும் எளிய மராட்டியில் பைபிளை மொழிபெயர்க்க விரும்பினார். அதற்காக எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். பஞ்சத்தில் மீட்கப்பட்ட பெண்களே முக்தி அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தார்கள். 1921-ல் ஒரே மகள் மனோரமா தாய்க்கு முன்பாகவே கண்மூடினார். சுமையைத் தாங்கிக்கொண்டு தாய் வேலையைத் தொடர்ந்தார். 1922 ஏப்ரல் 5-ந் தேதி ரமாபாய் காலமானார். முழு பைபிள் 1924-ல் வெளிவந்தது. 1989-ல் இந்திய அரசு அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. முக்தி தனக்குக் கிடைத்துவிட்டது, இனிச் சம்பாதிக்க ஒன்றுமில்லை என்று நம்பிய பெண் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? ஓய்ந்து உட்கார்ந்திருக்கலாமே!

கடன்காரன் கடனுக்குப் பயந்து உழைக்கிறான். கடன் தள்ளுபடியானவன் நன்றியால் உழைக்கிறான். முன்னவன் எப்போதும் தன் கணக்கையே பார்த்துக்கொண்டிருப்பான். பின்னவனுக்குத்தான் பக்கத்து வீட்டுக்காரனின் பசி கண்ணில் படும். தன் ஒருத்தியின் முக்திக்காக நடந்த கால்கள், பிறகு இரண்டாயிரம் பேருக்குச் சோறு தேடி நடந்தன. கிருபை என்ற சொல்லுக்குப் பண்டிதை ரமாபாய் எழுதிவைத்த பொருள் அதுதான்.